ரேடியஸ் எவ்வளவு சார்?

ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளில் ‘ஃபில்லட்’ என்றொரு கட்டளை உண்டு. இரண்டு கோடுகள் சேரும் மூலையை மழுக்கி, நடுவில் ஒரு வில்லை வைத்து இணைப்பதற்காக ஏற்பட்டது. கீபோர்டில் எஃப் தட்டி என்டரைத் தட்டினால் வந்து நிற்கும். ஆனால் நாங்கள் அதை மூலையைக் கூராக்கத்தான் அதிகம் பயன்படுத்தினோம். ஆரம் பூஜ்யம் என்று சொல்லிவிட்டால், ஒன்றைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கோடு வெட்டுப்படும், எட்டாமல் நிற்கும் கோடு நீளும், இரண்டும் ஒரே புள்ளியில் போய்க் கச்சிதமாக முட்டும். ட்ரிம், எக்ஸ்டெண்ட் என்று தனித்தனியே மெனக்கெட வேண்டாம். பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் இருந்த எங்கள் ஆபீஸில் சுவர் சுவராக வரைந்து தள்ளிய நாட்களில், மூலையை உருட்டப் பிறந்த கட்டளை காலை முதல் மாலை வரை மூலைகளைக் கூர்தீட்டிக்கொண்டிருந்தது. எப்போதாவது ஒரு போர்ட்டிகோவோ, மாடிப்படிக் கைப்பிடியோ, காம்பவுண்டுச் சுவரின் முனையோ வந்தால்தான் அதற்குச் சொந்த வேலை. அப்போது கறுப்புத் திரையின் அடியில் ஒற்றை வரியில் கேட்கும், ஆரம் எவ்வளவு என்று.

நான் நாற்காலியைத் திருப்பி சீனியரைக் கேட்பேன். “ரேடியஸ் எவ்வளவு சார்?”

“அங்கே எது திரும்புதும்மா?” என்பார்.

நேராக ஓர் எண்ணை அவர் சொல்லிக் கேட்டதில்லை. கார் திரும்புகிறதா, ஆள் திரும்புகிறாரா, கை திரும்புகிறதா, தண்ணீர் திரும்புகிறதா, எது என்று தெரிந்தால் எண் தானாக வரும் என்பது அவர் கட்சி. அவசரத்தில் 1000 என்று ஒரு முழு எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகப் பார்க்கிற எனக்கு அது எரிச்சலாக இருக்கும். பிளாட்டர் வாடகைக்கு எடுத்து ராத்திரிக்குள் பிரிண்ட் போட வேண்டிய நாளிலும் இதே கேள்விதான்.

அவர் ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்தவர். பலகை, மினி டிராஃப்டர், ரோட்ரிங் பேனா, பிரெஞ்ச் கர்வ் என்று முப்பது வருஷம் கையால் போட்டவர். ட்ரேசிங் ஷீட்டில் கோடு தப்பினால் பாதி பிளேடால் மையைச் சுரண்டி, சுரண்டிய இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கி, அதன் மேல் மறுபடி மை போட வேண்டும். நகம் சரியாகத் தேய்க்காவிட்டால் மை பரவும். அம்மோனியா பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரும் பையனுக்கு எப்போதும் கண் சிவந்திருக்கும். நான் அந்த உலகத்தின் கடைசி வாலைத்தான் பார்த்தேன். நான் சேர்ந்தபோது ஆபீஸில் பலகைகள் பாதி, கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. 1988-இல் சென்னையில் தொடங்கிய கேட் சென்டர் போன்ற பயிற்சி நிலையங்கள் பரவி, தி.நகரில் துணிக்கடைக்கு மேல் மாடியிலெல்லாம் கேட் வகுப்பு நடக்க ஆரம்பித்த காலம்.

கையால் போடுகிறவர்களுக்கு ஒரு விதி இருந்தது. முதலில் வில்லைப் போடு, அப்புறம் கோட்டைப் போடு. கோட்டைப் போட்டுவிட்டு அதன் முனையில் வில்லைக் கொண்டுவந்து சேர்க்கப் பார்த்தால் காம்பஸ் ஒரு மயிரிழை தள்ளும், சேரும் இடத்தில் மை தடித்துப் புடைக்கும். வில்லைப் போட்டுவிட்டால் செட் ஸ்கொயரை மெல்ல நகர்த்தி, வில் விடுகிற இடத்தில் கோட்டைத் தொடங்கிவிடலாம். எவ்வளவு சின்னப் புடைப்பானாலும் கண் கண்டுபிடித்துவிடும் என்பதுதான் இதில் ஆச்சரியம். தாளை முகத்துக்கு நேரே சாய்த்து, கோட்டின் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்ப்பார் சீனியர். எங்கே கோடு முடிந்தது, எங்கே வளைவு தொடங்கியது என்று தெரிந்தால் ஷீட் திரும்பி வரும்.

செங்கோண மூலை என்றால் கணக்கு சுலபம். மூலையிலிருந்து ஆரத்தின் அளவே இரு பக்கமும் தள்ளித் தொடுபுள்ளிகள். மூலை கூர்மையாக ஆக அவை தள்ளிப் போகும். 60 பாகை மூலையில் ஆரத்தைப் போல் 1.73 மடங்கு தூரம் வேண்டும். கோடும் வில்லும் சேரும் மூலைதான் உண்மையில் சோதனை. கோட்டிலிருந்து ஆரத்தின் அளவு தள்ளி ஓர் இணைகோடு போட வேண்டும். இருக்கிற பெரிய வில்லின் மையத்திலிருந்து, இரண்டு ஆரங்களையும் கூட்டியோ கழித்தோ, இன்னொரு வில் போட வேண்டும். இவை இரண்டும் வெட்டும் இடம் புதிய வில்லின் மையம். அங்கிருந்து கோட்டுக்குச் செங்குத்து விட்டால் ஒரு தொடுபுள்ளி, இரண்டு மையங்களையும் சேர்த்துக் கோடு இழுத்தால் மற்றது. முழு வட்டத்தை ஒரு கோடு வெட்டிச் செல்கிறது என்று வையுங்கள். கோட்டின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வட்டத்துக்கு உள்ளே, வெளியே. இந்த வெட்டுமுனை, அந்த வெட்டுமுனை. ஆக ஒரே ஆரத்துக்கு எட்டு இடங்களில் வில் உட்கார முடியும். கையால் போடுகிறவர் எது வேண்டும் என்று முதலிலேயே மனதில் வரைந்துவிடுவார். மென்பொருள் நாம் சொடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். இரண்டு விரற்கடை தள்ளிச் சொடுக்கினால் வளைவு சுவருக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

கோடுகள் இணையாக இருந்தால் அது நம்மை எதுவுமே கேட்காது. நாம் முன்பு கொடுத்து வைத்த ஆரத்தைப் பொருட்படுத்தாமல், இடைவெளியில் பாதியை ஆரமாக எடுத்துக்கொண்டு ஓர் அரைவட்டத்தைப் போட்டுவிடும். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்த பையன்களுக்கு இதைக் காட்டுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. இணைகோடுகளுக்கு வேறு வழியே இல்லை என்பது அவர்களுக்கு உறைக்க ஒரு கணம் ஆகும்.

பச்சை பிளாஸ்டிக்கில் சர்க்கிள் டெம்ப்ளேட் என்று ஒன்று வரும். வரிசை வரிசையாக வட்டத் துளைகள், பக்கத்தில் அளவு. சின்ன வளைவுகளுக்குக் காம்பஸ் எடுக்காமல் இதில் பேனாவை விட்டுச் சுற்றிவிடுவார்கள். இந்த நகரத்தில் ஒரு தலைமுறை வீடுகளின் சன்ஷேட் முனைகளும் பால்கனி வளைவுகளும் அந்தத் துளைகளின் அளவிலேயே இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நூறுக்கு ஒன்று என்ற அளவில் வரைந்தால் பத்து மில்லிமீட்டர் துளை ஒரு மீட்டர் விட்டமாகிவிடும். துளை இல்லாத அளவுக்கு யார் மெனக்கெடுவார்கள்?

அதற்கும் முந்தைய தலைமுறை மெனக்கெட்டிருக்கிறது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் 1930, 40-களில் கட்டிய வீடுகளில் மிச்சமிருப்பவற்றைப் பாருங்கள். கப்பல் முகப்பு மாதிரி வளைந்த வராந்தா, மூலையைச் சுற்றிக்கொண்டு ஓடும் சன்ஷேட், அதன் விளிம்பில் மூன்று கோடு. ஆர்ட் டெகோ என்று இப்போது படம் எடுத்துப் போடுகிறார்கள். லஸ்ஸிலிருந்து 12பி பஸ்ஸில் ஆபீஸுக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றை எண்ணுவேன். ஒன்றொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. இடிக்கும்போது அந்த வளைவில்தான் செங்கல் வேலை வெளியே தெரியும். ஒரு செங்கல்லும் வளைந்திருக்காது. நேரான செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி வைத்து, உள்பக்கம் ஒல்லியாகவும் வெளிப்பக்கம் தடியாகவும் கலவை போட்டு, மேலே பூச்சில் வளைவைக் கொண்டுவந்திருப்பார்கள்.

கொத்தனாருக்கு ஆரம் என்றால் ஓர் ஆணியும் ஒரு நூலும். ஆணியைத் தரையில் அடித்து நூலைக் கட்டிச் சுற்றி வந்தால் முடிந்தது. மையம் பக்கத்து வீட்டு மனையில் போய் விழுந்தால்தான் திண்டாட்டம். அடையாற்றில் ஒரு வீட்டுக்கு வளைந்த படிக்கட்டு வரைந்துகொடுத்துவிட்டு சைட்டுக்குப் போனபோது மேஸ்திரி பிளானைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். “இன்னா மேடம், ஆர் நானூத்தம்பதுன்னு போட்டுக்கீறீங்க. இது அண்டா ரவுண்டா, தாம்பாள ரவுண்டா?” எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கையை நீட்டி, கைப்பிடி வரப்போகிற இடத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு, இல்லாத படிகளில் இரண்டடி ஏறிக் காட்டினார். “கெழவி கை புடிச்சினு ஏறணும்ல?” என்றார். அந்த வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தது எங்களைவிட அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

சீனியரிடம் சொன்னேன். “அவன் சரியாத்தானே கேட்டிருக்கான்” என்றார். சொல்லிவிட்டு, பங்குனிக்குத் தேர் பார்க்க வா என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது விளங்கவில்லை.

கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் ஏழாம் நாள் தேர். மறுநாள் அறுபத்துமூவர். அறுபத்துமூவருக்கு ஊரே வரும். தேருக்கும் கூட்டம் உண்டு என்றாலும், அதில் ஒரு சின்னக் கூட்டம் நடுவீதியில் நிற்காது, மூலைகளில் நிற்கும். நேர் வீதியில் தேர் வருவது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். வடம் பிடித்து இழுத்தால் வரும். திருப்பம்தான் வேலை. சீனியர் காலையிலேயே போய் ஒரு மாட வீதி முனையில், கடைப் படிக்கட்டில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. அச்சு தேரோடு சேர்ந்து நேராகவே இருக்கும், எந்தச் சக்கரமும் பக்கவாட்டில் திரும்பாது. அப்படியானால் செங்கோணமாகத் திரும்பும் வீதியில் எப்படிப் போகிறது? முட்டுக்கட்டைதான். உருள்கிற சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வடிவக் கட்டையைச் சரியான கோணத்தில் செருகுவார்கள். சக்கரம் கட்டையில் மோதி, ஏறமுடியாமல், பக்கவாட்டில் வழுக்கி விலகும். ஒரு பக்கச் சக்கரம் தயங்க, மறுபக்கம் முன்னே போக, தேர் ஒரு சிறு கோணம் திரும்பும். வடத்தை இழுப்பவர்களும் புதிய திசையை நோக்கி நகர்ந்துகொள்வார்கள். மறுபடி ஒரு இழுப்பு, மறுபடி ஒரு கட்டை. திருவாரூர் ஆழித்தேர் மாதிரி பெரிய தேர்களுக்கு மூலையில் இரும்புத் தகடு போட்டு, அதில் எண்ணெயோ கிரீஸோ தடவிச் சக்கரத்தை வழுக்கவிடுவார்கள். திருச்சி பெல் நிறுவனம் அந்தத் தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும், மூலையில் திருப்புவது மனிதர்களிடம்தான் இருக்கிறது.

கட்டை போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்தபடியே பின்னோக்கி நடப்பார்கள். கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளும் அந்த இடைவெளியில் ஒரு சொல் பேசமாட்டார்கள். மேலே விதானம் ஒரு பக்கம் சாய்ந்து மெல்ல நிமிரும். மூலைதான் எப்போதும் ஆபத்தான இடம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர், திருப்பத்தில் வளைக்கும்போதுதான் உயரழுத்த மின்கம்பியில் பட்டது. பதினொரு பேர் இறந்தார்கள். தேரின் உச்சி போகும் பாதையை யாரும் தாளில் வரைந்து பார்ப்பதில்லை. சக்கரத்தின் பாதையை மட்டும்தான் பார்க்கிறோம். கோலமும் தண்ணீரும் சக்கரத்துக்கு, கம்பியும் மரக்கிளையும் உச்சிக்கு.

அன்று தேர் திரும்பி முடித்த பிறகு சீனியர் படியிலிருந்து இறங்கி ரோட்டைக் காட்டினார். தார் மேல் சக்கரத்தின் தடம் தெரிந்தது. தூரத்திலிருந்து அது வளைவு. கிட்டப் போய்ப் பார்த்தால் கைநீளத்துக்கு ஒரு நேர்த்தடம், ஒரு வழுக்கல், அடுத்த நேர்த்தடம். “இதான் உன் மெஷின் போடற சர்க்கிள்” என்றார். உண்மைதான். ஆட்டோகேடில் ஒரு வட்டத்தை மிகவும் கிட்டே இழுத்துப் பார்த்தால் அது பல்கோணமாகத் தெரியும். ரீஜென் என்று தட்டினால் பக்கங்களைச் சிறிதாக்கிக்கொண்டு மறுபடி வட்டமாக வேஷம் கட்டும். கணக்கில் அது சுத்தமான வட்டம், திரையில் சின்னச் சின்ன நேர்கோடுகள். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டார், ஆனால் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கவனித்து வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தி.நகர் மனைகளில் தேர் திரும்புவதில்லை. அங்கே கார்ப்பரேஷன் திரும்பும். 1920-இன் நகரமைப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மயிலாப்பூர் பக்கத்து நீண்ட ஏரியை வடித்து, நீதிக்கட்சி ஆண்ட காலத்தில் போட்ட பேட்டை அது. பனகல் பூங்காவை நோக்கி ரோடுகள் வந்து சேர்வதால் நேர் செங்கோண மூலைகளும் உண்டு, சாய்ந்த மூலைகளும் உண்டு. மூலை மனை வைத்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் ரோடு, காற்று, கடை வாடகை எல்லாம் உண்டு. பதிலுக்கு மூலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கார்னர் ஸ்ப்ளே. இரண்டு ரோட்டிலிருந்தும் வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்காக, மனையின் முனையைச் சாய்வாக வெட்டி விட வேண்டும் என்பது விதி. ரோடு அகலமானால் ஸ்ப்ளேயும் பெரிதாகும். கவனியுங்கள், விதி கேட்பது ஃபில்லட் இல்லை, சாம்ஃபர். நேர்வெட்டு.

ஒரு வீட்டுக்காரர் இதை எங்களோடு மல்லுக்கட்டினார். கணக்குப்பிள்ளை மாதிரி கணக்கு வைத்திருந்தார். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக வெட்டினால் போகிற நிலம் நாலரை சதுர மீட்டர், அதாவது 48 சதுர அடி. அதே இரண்டு புள்ளிகளிலிருந்து தொட்டுக்கொண்டு மூன்று மீட்டர் ஆரத்தில் உருட்டினால்? ஆரத்தின் வர்க்கத்தை 0.2146-ஆல் பெருக்கு. இரண்டு சதுர மீட்டரைக்கூடத் தொடாது, சுமார் 21 சதுர அடி. பாதிக்கும் குறைவு! தி.நகர் விலையில் மிச்சம் 27 சதுர அடி. “ரவுண்டாப் போடுங்க சார், அழகாவும் இருக்கும்” என்றார். அழகைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. வளைவு மூலையை நோக்கிப் புடைத்துக்கொண்டு நிற்பதால்தான் நிலம் மிஞ்சுகிறது, அந்தப் புடைப்புதான் எதிரே வரும் ஸ்கூட்டரையும் மறைக்கிறது என்று சீனியர் விளக்கினார். மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு அஸ்திரத்தை எடுத்தார். அது வடகிழக்கு மூலை.

“ஈசான்யம் சார். ஈசான்யத்தைக் குறைக்கவே கூடாது. வெட்டினா எப்படி?”

உருட்டினால் மட்டும் குறையாதா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. சீனியர் என்னைப் பார்க்காமலே கையமர்த்தினார். வாஸ்து பார்க்கிறவரை வரச்சொல்லி, அவருக்குக் காபி கொடுத்து, மனையின் மூலை வேறு, வீட்டின் மூலை வேறு என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தார். காம்பவுண்டு ஸ்ப்ளே, வீட்டுச் சுவர் கூர். நான் எஃப் தட்டி, ஆரம் பூஜ்யம் கொடுத்து ஈசான்யத்தை முட்டவைத்தேன். அவ்வளவு பயபக்தியோடு அந்தக் கட்டளையை நான் வேறெப்போதும் கொடுத்ததில்லை.

வெளி மூலையைக் கூராக விட்டால் யாராவது இடித்துக்கொள்வார்கள், அதோடு சரி. உள் மூலையைக் கூராக விட்டால் கட்டடமே பேசும். உங்கள் வீட்டு ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி ஓடும் வெடிப்பைப் பார்த்திருப்பீர்கள். பெயிண்டர் பட்டி வைத்து மூடுவார், அடுத்த கோடையில் திரும்பவரும். சுவரில் ஓடுகிற விசை ஓட்டையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கூரான மூலையில் அது நெருக்கிக்கொண்டு திரும்புகிறது. வட்ட ஓட்டை போட்ட தகட்டை இழுத்தால் ஓட்டையின் விளிம்பில் விசை மூன்று மடங்காகும் என்று 1898-இலேயே கிர்ஷ் கணக்குப் போட்டுவிட்டார். 1913-இல் இங்லிஸ் அதை நீள்வட்டத்துக்குக் கொண்டுபோனார். ஓட்டையின் பாதி நீளம் 100 மில்லிமீட்டர், முனையின் ஆரம் 25 என்றால் ஐந்து மடங்கு. முனை ஆரத்தை ஒரு மில்லிமீட்டராகக் குறைத்தால் 21 மடங்கு. ஸ்லாபில் ஓட்டை விடும் இடங்களில் மூலைக்கு மூலை சாய்வாகக் கம்பி போடச் சொல்வது இதற்காகத்தான்.

இங்லிஸை அறியாத கிரானைட்காரருக்கும் இது தெரியும். சமையல் மேடைக் கல்லில் சிங்க்குக்கு ஓட்டை எடுக்கும்போது, முதலில் நாலு மூலையிலும் கோர் பிட்டால் வட்டத் துளை போட்டுக்கொண்டு, பிறகுதான் துளையிலிருந்து துளைக்கு நேராக அறுப்பார். நேராக அறுத்துக்கொண்டே போய் மூலையில் நிறுத்தினால் பிளேடு தாண்டிப்போன கீறலிலிருந்து கல் விடும், அதுவும் மேடையில் ஏற்றிய பிறகு விடும். துளையின் ஆரம் அவர் கையில் இருக்கும் பிட்டின் ஆரம். பிளைவுட்டை சிஎன்சியில் வெட்டுகிறவர்களும் இதையே சொல்வார்கள். ஆறு மில்லிமீட்டர் பிட் சுழன்று போகும் உள்மூலை மூன்று மில்லிமீட்டர் ஆரத்தைவிடக் கூரானதாக ஆகவே முடியாது. நாம் திரையில் பூஜ்யம் கொடுத்திருந்தாலும் மெஷின் தன் ஆரத்தைப் போட்டுக்கொள்ளும். அலமாரிப் பலகை உள்ளே போய் உட்காரவில்லை என்று போன் வரும்போது, சீனியர் இருந்தால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

அவர் வேலையை விட்ட பிறகு நான் சில வருஷம் அடையாறு பக்கம் ஒரு ஆபீஸில் இருந்தேன். போக வர பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-லும், திருமயிலை வரை 1997-லும் ஓட ஆரம்பித்து, பிறகு தெற்கே நீண்ட பாதை. பக்கிங்ஹாம் கால்வாயைப் பிடித்துக்கொண்டு போவதால் கால்வாய் வளைகிற இடத்தில் ரயிலும் வளையும். நின்றபடி போகிற கூட்டத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். வளைவு வரும்போது யாரும் தடுக்கி விழுவதில்லை. மெல்லச் சாய்கிறார்கள், மெல்ல நிமிர்கிறார்கள். ஃபில்லட் போட்டு நேர்கோட்டோடு வில்லை நேரடியாக ஒட்டியிருந்தால் அப்படி நடக்காது. கண்ணுக்கு அது வழுவழுப்பாகத்தான் தெரியும், சீனியர் ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் பாஸாகிவிடும். ஆனால் தொடுபுள்ளியைத் தாண்டும் அந்த நொடியில் வளைவு பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்கு ஒரே தாவலாகத் தாவும், உடம்பு அதைக் கண்டுபிடிக்கும். அதனால் ரயில்காரர்கள் கோட்டுக்கும் வில்லுக்கும் நடுவே ட்ரான்சிஷன் கர்வ் ஒன்றைச் செருகுவார்கள். வளைவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், தண்டவாளத்தின் வெளிப்பக்க உயரமும் அதோடு சேர்ந்து ஏறும். இந்திய ரயில்வே இதற்கு முப்படிப் பரவளையத்தைப் பயன்படுத்துகிறது. அதுவரை மூலை உருட்டுவதில் கடைசி வார்த்தை தொடுகோடு என்று நினைத்திருந்தேன். திரும்புகிறது மனிதர்கள் நிறைந்த ரயில் பெட்டி என்றால் தொடுகோடும் முரடுதான்.

ரோட்டில் இது வேறு மாதிரிச் சண்டையாகிறது. 12 மீட்டர் நீளப் பஸ் முழு வளைப்பில் திரும்பினால் அதன் முன்வெளி முனை சுமார் 12 மீட்டர் ஆரத்தில் சுற்றும். பின்சக்கரங்கள் அந்தப் பாதையில் வராமல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், பிளாட்ஃபாரக் கல்லில் ஏறி இறங்கும். அதனால் பஸ்ஸுக்காக மூலைக் கல்லைப் பெரிதாக உருட்டு என்பார்கள். பெரிதாக உருட்டினால் பஸ் மட்டுமா திரும்பும்? கார் பிரேக்கைத் தொடாமலே திரும்பும், பைக் சாய்ந்துகொண்டு பறக்கும், நடந்து கடக்கிறவருக்குத் தூரமும் கூடும். பாண்டி பஜார் 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாகத் திறந்தபோது பழைய ஆபீஸ் சந்து முனையைப் போய்ப் பார்த்தேன். நடைபாதை அகலம், மூலை இறுக்கம். ஒரு ஆட்டோக்காரர் திட்டிக்கொண்டே இரண்டு தடவை ஒடித்துத் திரும்பினார். அந்த இடத்தில் முன்பெல்லாம் ஓடித்தான் ரோட்டைக் கடப்போம். இரண்டு ஜவுளிக்கடைப் பைகளோடு ஒரு அம்மா சாவகாசமாக நடந்து போனார். யாருக்காக ஆரம் என்பதை இந்தத் தடவை யாரோ வேறு மாதிரி தீர்மானித்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர் பக்கத்திலும் நியாயம் உண்டு, ஆனால் என் ஓட்டு அந்த அம்மாவுக்குத்தான்.

இப்போது மயிலாப்பூரில் மூலைகள் பூமிக்கு அடியிலும் வந்துவிட்டன. இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு தடங்கள் திருமயிலையில் ஒன்றையொன்று கடக்கின்றன. அதில் வேலை பார்க்கும் ஒரு பையன், என்னிடம் முன்பு கேட் கற்றுக்கொண்டவன், மாட வீதியில் காய்கறி வாங்கும்போது எதிரே வந்தான். “சுரங்கத்துக்குள்ள மெஷின் எப்படிடா திரும்பும்?” என்று கேட்டேன். பின்னால் சுற்றிலும் ஜாக்குகள் இருக்கும் மேடம், கட்டி முடித்த வளையத்தில் உதைத்துக்கொண்டுதான் முன்னே போகும், ஒரு பக்க ஜாக் கூடத் தள்ளினால் மறுபக்கம் திரும்பும் என்றான். பின்னாடியே கான்கிரீட் வளையம் அடுக்கிக்கொண்டு வருவார்கள். வளையம் ஒவ்வொன்றும் நேரானதுதான், ஆனால் ஒரு பக்கம் துளி அகலம் கூட. அந்த அகலப் பக்கத்தை வளைவின் வெளிப்பக்கமாகவே வைத்துக்கொண்டு போனால் சுரங்கம் வளையும். அங்கேயே பையைக் கீழே வைத்துவிட்டு இருவரும் கணக்குப் போட்டோம். ஆறு மீட்டர் விட்டம், ஒன்றரை மீட்டர் அகல வளையம், 300 மீட்டர் ஆரம் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர். முருங்கைக்காய்க்காரம்மா வழியை விடச் சொன்னார். அவன் நகர்ந்துகொண்டே, “300-னு எப்படி மேடம் எடுத்தீங்க?” என்று கேட்டான். சும்மா ஒரு முழு எண் என்றேன். “அங்கே எது திரும்புதுன்னு கேக்க மாட்டீங்களா?” என்று சிரித்தான். அவனுக்கு நான் அதைச் சொல்லிக்கொடுத்ததாகவே எனக்கு நினைவில்லை.